17 அங்குல சிஆர்டி மானிட்டர் குறைந்த விலைக்கு வருகிறது: தினசரி வேலைக்குத் தாங்குமா?

எழுத்தாணி

வணக்கம். மெய்ப்புத் திருத்துவது என் வேலை. ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் தமிழ் எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். இருந்த எல்சிடி திரை போன வாரம் நின்றுவிட்டது. இப்போது புதிதாக வாங்கும் நிலையில் இல்லை. தெரிந்தவர் ஒருவர் தன்னிடம் சும்மா கிடந்த 17 அங்குல சிஆர்டி மானிட்டரை (பழைய கண்ணாடிக் குழாய், அதாவது ட்யூப் வைத்த வகை) மிகக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றார். ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

கூட வந்த கையேட்டில் இருப்பது இது: டாட் பிட்ச் (திரையில் ஒரே நிறப் புள்ளிகளுக்கு இடையிலான தூரம்) 0.28 மி.மீ., கிடைமட்ட அதிர்வெண் 30 முதல் 70 கிலோஹெர்ட்ஸ், உச்சத் தெளிவுத்திறன் 1280×1024. உச்சம் அதுதான் என்பதால் அதிலேயே வைத்திருக்கிறேன்.

இரண்டு நாள் ஆயிற்று. நிறம் பிரமாதம். கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்கிறது. ஆனால் மாலைக்குள் தலைவலி வந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய கவலை, திரையின் ஓரங்களில் மெய்யெழுத்தின் புள்ளி சரியாகத் தெரியவில்லை. "அவன்" என்று இருக்கிறதா "அவன" என்று இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. என் வேலைக்குப் புள்ளி தெரியாவிட்டால் எதுவுமே தெரியாத மாதிரி.

இது மானிட்டரின் குறையா, நான் வைத்திருக்கும் முறையில் குறையா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

ராஸ்டர்

திருப்பிக் கொடுக்காதீர்கள் அக்கா, இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். தலைவலிக்குக் காரணம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது.

70 கிலோஹெர்ட்ஸ் என்றால் அந்த மானிட்டர் ஒரு வினாடிக்கு அதிகபட்சம் 70,000 கோடுகள் வரையும் என்று பொருள். 1280×1024-இல் கண்ணுக்குத் தெரியும் 1024 கோடுகளோடு, படத்தை வரையும் எலக்ட்ரான் கற்றை கீழிருந்து மேலே திரும்பும் நேரத்தையும் சேர்த்து ஒரு படத்துக்கு 1066 கோடுகள் ஆகும். வினாடிக்கு 60 படம் என்றால் கிட்டத்தட்ட 64,000. இது தாங்கும். 75 படம் என்றால் 80,000. தாங்காது. ஆக, அந்தத் தெளிவுத்திறனில் உங்களுக்குக் கிடைப்பது 60 ஹெர்ட்ஸ் மட்டும்தான்.

எல்சிடியில் 60 ஹெர்ட்ஸ் ஒரு பிரச்சினையே இல்லை, ஏனென்றால் அடுத்த படம் வரும்வரை புள்ளிகள் அப்படியே நிற்கும். சிஆர்டியில் பாஸ்பரம், அதாவது கற்றை பட்டால் ஒளிரும் திரைப்பூச்சு, ஒளிர்ந்து உடனே மங்கிவிடும். வினாடிக்கு 60 முறை திரை முழுக்க மினுக்கிக்கொண்டே இருக்கிறது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து வைத்து வேலை பார்ப்பவர்களுக்கு இது ரொம்ப மோசம். நேராகப் பார்த்தால் தெரியாமல் இருக்கலாம். மானிட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு, கடைக்கண்ணால் திரையைக் கவனியுங்கள். துடிப்பது தெரியும்.

1024×768-க்கு மாற்றி, ரெஃப்ரெஷ் ரேட்டை (வினாடிக்கு எத்தனை படம் என்பதை) 85 ஹெர்ட்ஸ் வையுங்கள். அதற்கு ஒரு படத்துக்கு 808 கோடு, வினாடிக்கு 68,700 சொச்சம். உங்கள் 70-க்குள் அடங்கிவிடும். 17 அங்குலத்தில் குறைந்த விலைக்குச் செய்த மானிட்டர்கள் பலவற்றுக்கு 70 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்ததே இந்தக் கணக்குக்காகத்தான் என்று நினைக்கிறேன். கையேட்டில் இருக்கும் "உச்சம்" வேலை பார்ப்பதற்கான அளவு இல்லை, சும்மா காட்ட முடியும் என்பதற்கான அளவு.

தட்டைத்திரை

ராஸ்டர் சொல்வது சரிதான். ஆனாலும் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஏழெட்டு மணி நேரம் எழுத்தே பார்க்கிறவருக்கு சிஆர்டியைப் பரிந்துரைக்கலாமா? 17 அங்குல சிஆர்டி சுமார் 80 வாட் மின்சாரம் எடுக்கும். அதே அளவு எல்சிடிக்கு அதில் பாதிகூட ஆகாது. எடை 15 கிலோவுக்கு மேல். மேசையில் 40 சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் வேண்டும். எழுத்தின் கூர்மை என்று வந்தால், இயல்புத் தெளிவுத்திறனில் ஓடும் சாதாரண எல்சிடியைக்கூட இது எட்டாது, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு புள்ளிக்கும் தனிக் கட்டம் இருக்கிறது. பழைய விளையாட்டுகளுக்கும் வேகமாக அசையும் படங்களுக்கும் சிஆர்டியை நானும் விரும்புவேன். மெய்ப்புத் திருத்த அல்ல.

ராஸ்டர்

கூர்மை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அவர் முன் இருக்கும் கேள்வி சிஆர்டியா எல்சிடியா என்பது இல்லையே. கையில் இருக்கும் இந்த ஒன்று போதுமா என்பதுதான். இதை ஒழுங்காக அமைத்துப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

எழுத்தாணி

தம்பி, மாற்றிவிட்டேன். 85 வைத்ததும் திரை அப்படியே அசையாமல் நின்ற மாதிரி இருந்தது. இதுவரை துடித்துக்கொண்டிருந்ததே இப்போதுதான் புரிகிறது. நேற்று முழுக்க வேலை பார்த்தும் தலைவலி இல்லை.

எழுத்தும் பெரிதாகிவிட்டது. இன்னொன்றும் கவனித்தேன். முன்பு எழுத்துகள் கொஞ்சம் அகலமாக, நசுங்கினாற்போல் இருந்தன. "ஓ"வின் சுழிகூட முட்டை மாதிரி இருந்தது. இப்போது வட்டம் வட்டமாக இருக்கிறது.

ஆனால் ஓரத்துப் பிரச்சினை போகவில்லை. நடுவில் புள்ளி தெளிவு. கீழே வலது மூலைக்குப் போனால் புள்ளிக்கு ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். இடது மேல் மூலையில் ஒரு பச்சைத் திட்டு வேறு இருக்கிறது.

ராஸ்டர்

வட்டம் சரியானதற்குக் காரணம் இருக்கிறது அக்கா. உங்கள் திரை 4:3. 1280×1024 என்பது 5:4. அதைத் திரை முழுக்க நிரப்பினால் எல்லாமே பக்கவாட்டில் இழுபடும். இந்த வகைத் திரையில் 1280-தான் வேண்டும் என்றால் 1280×960 வைப்பதே முறை.

மூலைப் பிரச்சினைக்குப் பழைய ட்யூப் அண்ணா வரட்டும், அவர்தான் சரியான ஆள்.

பழைய ட்யூப்

பல வருடம் மானிட்டர் பழுதுபார்த்தவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. சிஆர்டியைப் போட்ட உடனே மதிப்பிடக் கூடாது. திரைக்குப் பின்னால் இருக்கும் மாஸ்க் (துளை போட்ட மெல்லிய தகடு) சூடேறி விரிந்து, மின்சுற்றும் நிலைக்கு வர அரை மணி நேரம் ஆகும். அதற்கு முன் பார்த்த நிறம், கூர்மை, சட்டத்தின் நேர்த்தி எதையும் கணக்கில் எடுக்காதீர்கள்.

மூலையில் பச்சைத் திட்டு: அது பெரும்பாலும் காந்தம். சிவப்பு, பச்சை, நீலத்துக்கான மூன்று கற்றைகளும் மாஸ்க்கின் துளை வழியாகப் போய் அவரவர் நிறப் பாஸ்பரத்தில் விழ வேண்டும். பக்கத்தில் காந்தம் இருந்தால் கற்றை வளைந்து அடுத்த நிறத்தின் மேல் விழுந்துவிடும். மானிட்டருக்கு அருகில் ஸ்பீக்கர் இருக்கிறதா பாருங்கள். கணினிக்கென்று செய்யாத ஸ்பீக்கர்களுக்குக் காந்தக் கவசம் பெரும்பாலும் இருக்காது. அதைத் தள்ளி வைத்துவிட்டு, மெனுவில் டீகாஸ் (ஒட்டிய காந்தத்தை நீக்குவது) என்று இருப்பதை ஒருமுறை அழுத்துங்கள். "டொங்" என்று சத்தம் வரும், படம் நடுங்கி நிற்கும். பயப்பட வேண்டாம். திட்டு முழுக்கப் போகவில்லை என்றால் உடனே திரும்ப அழுத்தாதீர்கள். உள்ளே அந்த மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மிஸ்டர் என்ற பாகம் ஆறினால்தான் அடுத்த முறை முழு வேகத்தோடு வேலை செய்யும். அரை மணி நேரம் விடுங்கள்.

புள்ளிக்கு இருபுறமும் சிவப்பும் நீலமும்: அது கன்வர்ஜென்ஸ். மூன்று கற்றைகளும் ஒரே இடத்தில் சேரவில்லை. இதையும் ஃபோகஸ் குறைவையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. கறுப்புப் பின்னணியில் பச்சை நிறத்தில் மட்டும் எழுத்துகளை நிரப்பி, அதே மூலையில் வைத்துப் பாருங்கள். ஒரே நிறம் என்றால் வேலை செய்வது ஒரே கற்றைதான். அப்போது எழுத்து கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் நன்றாக இருக்கிறது, கன்வர்ஜென்ஸ் மட்டும்தான் தவறு. பச்சையிலும் மங்கினால் ஃபோகஸே போய்விட்டது.

கன்வர்ஜென்ஸ் என்றால் மெனுவில் அதற்கு அமைப்பு இருக்கலாம், பல மலிவு மானிட்டர்களில் இருக்காது. மூலையில் அரைப் பிக்சல் (திரைப்புள்ளி) அளவு விலகல் இந்த விலை வகையில் சகஜம். ஒரு முழுப் பிக்சலுக்கு மேல் விலகினால், அல்லது நடுவிலேயே விலகல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஃபோகஸ் என்றால் ஃப்ளைபேக் (உயர் மின்னழுத்தம் தரும் மின்மாற்றி) மேல் ஒரு திருகு இருக்கும், ஆனால் அது பெட்டிக்கு உள்ளே. தயவுசெய்து திறக்காதீர்கள். ட்யூபுக்குப் போவது சுமார் 25,000 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ட்யூப் அந்த மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும். பழகியவர்கள்கூட முறைப்படி இறக்கிய பிறகுதான் கை வைப்போம்.

அப்புறம் கான்ட்ராஸ்ட். நூற்றில் நூறு வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் அதுதான் உங்கள் புள்ளியைச் சாப்பிடுகிறது. கற்றையில் மின்னோட்டம் கூடக்கூட அது தடிக்கும். வெள்ளைப் பின்னணி இரண்டு பக்கமும் பொங்கி, நடுவில் இருக்கும் சின்னக் கறுப்புப் புள்ளியை மூடிவிடும்.

சரியாக வைக்கும் முறை இது. அறையை இருட்டாக்கி, திரையை முழுக் கறுப்பாக்குங்கள். பிரைட்னஸை ஏற்றுங்கள், திரை சாம்பலாக மினுங்கத் தொடங்கும். அங்கிருந்து மெதுவாக இறக்கி, அந்த மினுக்கம் மறையும் இடத்தில் நிறுத்துங்கள். இனி பிரைட்னஸைத் தொட வேண்டாம். சிஆர்டியில் அது கறுப்பின் அளவை வைப்பதற்கு மட்டும். வெளிச்சம் எவ்வளவு வேண்டும் என்பதை கான்ட்ராஸ்டில் வையுங்கள், கண்ணுக்குப் போதுமான அளவில் குறைவாக.

அல்லிக்குளம்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கும் ஒரு பழைய 17 அங்குலம் வந்திருக்கிறது. டாட் பிட்ச் 0.25 என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் எழுத்தாணி அக்காவின் 0.28-ஐவிட நிச்சயம் தெளிவு, சரிதானே? வெள்ளைத் திரையில் கிடையாக இரண்டு மெல்லிய கோடுகள் தெரிகின்றன. அது பழுதா?

பழைய ட்யூப்

கோடு பழுதில்லை தம்பி. உங்களுடையது அபர்ச்சர் கிரில் வகை, அதாவது டிரினிட்ரான் அல்லது டயமண்ட்ரான் போன்ற ட்யூப். சோனி 1968-இல் கொண்டுவந்த முறை. துளை போட்ட தகட்டுக்குப் பதில் நெட்டுக்குத்தாக இழுத்துக் கட்டிய மெல்லிய கீற்றுகள் இருக்கும். அவை அதிராமல் இருக்கக் குறுக்கே கம்பி கட்டியிருப்பார்கள். 17 அங்குலத்தில் இரண்டு கம்பி. அதன் நிழல்தான் நீங்கள் பார்ப்பது. ஒரு வாரத்தில் கண் மறந்துவிடும், சிலருக்கு மறக்காது.

ராஸ்டர்

0.25-ஐயும் 0.28-ஐயும் நேராக ஒப்பிட முடியாது, இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அபர்ச்சர் கிரில்லில் அளப்பது கிடைமட்டமாக, ஒரு கீற்றிலிருந்து அதே நிறத்தின் அடுத்த கீற்றுக்கு. துளைத் தகடு இருக்கும் ஷேடோ மாஸ்க் வகையில் வழக்கமாக அளப்பது சாய்வாக. சாய்வில் 0.28 என்றால் கிடைமட்டமாக சுமார் 0.24 வரும். ஆக இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கிரில் வகையில் ஒளி அதிகம் வெளியே வரும் என்பதால் படம் பளிச்சென்று இருக்கும், அது வேறு விஷயம்.

இதே கணக்கு 1280 ஏன் மங்கல் என்பதையும் சொல்கிறது. 17 அங்குலம் என்று சொன்னாலும் கண்ணுக்குத் தெரிவது சுமார் 16 அங்குலம், அதன் அகலம் ஏறக்குறைய 325 மி.மீ. அதை 1280-ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 0.25 மி.மீ. மாஸ்க்கின் இடைவெளியே 0.24. ஒரு புள்ளிக்கு ஒரு மூவண்ணத் தொகுதிதான் கிடைக்கிறது, அதுவும் சரியாகப் பொருந்தி உட்காராது. 1024 வைத்தால் புள்ளிக்கு 0.32 மி.மீ. கிடைக்கும், கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கும்.

தட்டைத்திரை

இந்தக் கணக்கு எனக்கும் புதிது, நன்றி. ஒன்று சேர்க்கிறேன். எழுத்தாணி, உங்கள் கணினியில் கிளியர்டைப் போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். எல்சிடியில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பட்டையாக வரிசையில் இருக்கும் என்று எண்ணி எழுத்தின் விளிம்பில் நிறம் பூசும் முறை அது. சிஆர்டியில் அந்த வரிசைக்குப் பொருளே இல்லை. நிறம் மட்டும்தான் மிஞ்சும். நீங்கள் பார்க்கும் சிவப்பிலும் நீலத்திலும் பாதி அதுவாகவே இருக்கலாம். சாதாரணச் சாம்பல் மழுப்பலுக்கு மாற்றுங்கள்.

பழைய ட்யூப்

அட, இது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் சொல்வதை முதலில் செய்யுங்கள் அம்மா, அப்புறம் மூலையைப் பாருங்கள்.

எழுத்தாணி

ஒவ்வொன்றாகச் செய்தேன்.

இடப்பக்கம் ஸ்பீக்கர் இருந்தது உண்மை. எடுத்துத் தூர வைத்து, டீகாஸ் ஒருமுறை. பச்சைத் திட்டு முக்கால்வாசி போனது. சாப்பிட்டுவிட்டு வந்து இன்னொரு முறை அழுத்தினேன், முழுக்கப் போய்விட்டது.

கிளியர்டைப்பை அணைத்ததும் நடுத்திரையில்கூட வித்தியாசம் தெரிந்தது. நான் நடுவில் நிறமே இல்லை என்று நினைத்திருந்தேன், இருந்திருக்கிறது.

கான்ட்ராஸ்ட் 100-இல்தான் இருந்தது. ஐயா சொன்ன முறையில் கறுப்பை வைத்துவிட்டு, கான்ட்ராஸ்டை 60-க்குக் கொண்டுவந்தேன். முதல் ஐந்து நிமிடம் மங்கலாகத் தோன்றியது, அப்புறம் பழகிவிட்டது. "ன்", "ண்", "ஞ்" மூன்றையும் பத்துப் பத்து வரியாக அடித்துத் திரை முழுக்க நகர்த்திப் பார்த்தேன். இப்போது திரையில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் புள்ளி புள்ளியாகவே தெரிகிறது. "ணை"யையும் "னை"யையும் குனியாமல் பிரிக்க முடிகிறது.

கீழ் வலது மூலையில் மட்டும், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு, மெலிதாகச் சிவப்பு விளிம்பு மிச்சம் இருக்கிறது. பச்சை எழுத்தில் பார்த்தால் அங்கேயும் கூர்மைதான். ஆக அது கன்வர்ஜென்ஸ், இல்லையா? மெனுவில் அதற்கு அமைப்பு இல்லை.

இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. வாங்கலாமா என்று முடிவெடுக்க வேறு என்ன பார்க்க வேண்டும்?

பழைய ட்யூப்

நன்றாகச் செய்திருக்கிறீர்கள். ஆமாம், அது கன்வர்ஜென்ஸ்தான். நீங்கள் சொல்லும் அளவு என்றால் விட்டுவிடலாம்.

மிச்சம் இருப்பது ட்யூபுக்கு எவ்வளவு உயிர் இருக்கிறது என்பது. அமைப்பில் இருக்கும் எந்தக் குறையையும் சரிசெய்யலாம், தேய்ந்த ட்யூபை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் இதை மட்டும் தவறாமல் பாருங்கள்.

இரவு அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். காலையில் போட்டு, படம் வரும் விதத்தைக் கவனியுங்கள். நல்ல ட்யூபில் பத்துப் பதினைந்து வினாடிக்குள் படம் வந்து, ஒரு நிமிடத்துக்குள் கிட்டத்தட்ட முழு வெளிச்சத்துக்கு வந்துவிடும். தேய்ந்ததில் இருட்டாகத் தொடங்கி, நிமிடக் கணக்கில் மெதுவாக வெளுக்கும். மூன்று நிறத்தில் ஒன்று பின்தங்கி, திரை மஞ்சளாகவோ நீலப்பச்சையாகவோ சாயும். அப்படி இருந்தால் இலவசமாகத் தந்தாலும் தினசரி வேலைக்கு வேண்டாம்.

இன்னொன்று, கறுப்புத் திரையில் ஒரு பெரிய வெள்ளைச் சன்னலைத் திறந்து மூடுங்கள். படத்தின் விளிம்பு உள்ளும் வெளியும் நன்றாக மூச்சு விட்டால் உயர் மின்னழுத்தப் பகுதி பலவீனம். ஒரு மயிரிழை அசைந்தால் பரவாயில்லை. திரை முழுக்கச் சாம்பல் நிறம் போட்டு, பழைய படத்தின் தழும்பு ஏதாவது பதிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இரவல்

இழையை முழுக்கப் படித்தேன். என் அம்மா சிஆர்டி அருகில் உட்காரவே கூடாது, கதிர்வீச்சு என்பார். அது உண்மையா?

பழைய ட்யூப்

ட்யூபுக்குள் எக்ஸ்-கதிர் உண்டாவது உண்மை. அதைத் தடுப்பதற்காகவே தடித்த கண்ணாடியில் ஈயம் போன்ற கன உலோகங்களைக் கலந்தார்கள். எடைக்கு அந்தக் கண்ணாடிதான் முக்கியக் காரணம். மின்புலம், காந்தப்புலம் பற்றித் தனியாக எம்பிஆர் 2, டிசிஓ என்ற ஸ்வீடன் நாட்டு வரையறைகள் உண்டு. பின்பக்க ஸ்டிக்கரில் டிசிஓ 99 இருந்தால் இன்னும் நல்லது. கெட்டுப்போன மானிட்டரைக் குப்பையில் போட்டு உடைக்காதீர்கள் என்பதற்கும் அதே ஈயம்தான் காரணம். அம்மாவின் பயத்தை ஒதுக்கிவிட வேண்டாம், கை நீளத் தூரத்தில் உட்காருங்கள். அது கண்ணுக்கும் நல்லது.

அல்லிக்குளம்

ஒரே ஒரு சந்தேகம். என் புதிய கணினியில் இந்த மானிட்டர் கேபிளைச் செருகும் விஜிஏ துளையே இல்லை. எச்டிஎம்ஐ-விஜிஏ மாற்றி போட்டால் 85 ஹெர்ட்ஸ் வருமா?

ராஸ்டர்

1024×768, 85 ஹெர்ட்ஸுக்குப் புள்ளி வேகம் (திரைப்புள்ளிகளை அனுப்பும் வேகம்) 94.5 மெகாஹெர்ட்ஸ். சாதாரண மாற்றிகளே 1920×1080, 60 ஹெர்ட்ஸ் தருகின்றன, அதற்கு 148.5 வேண்டும். அதனால் தாங்கும். பட்டியலில் 85 தெரியவில்லை என்றால் தனியமைப்பாகச் சேர்க்க வேண்டியிருக்கும். சேர்க்கும்போது உங்கள் மானிட்டரின் கிலோஹெர்ட்ஸ் வரம்பைத் தாண்டாதீர்கள். விஜிஏ கேபிளை நீட்டிப்புப் போட்டு இழுக்கவும் வேண்டாம், எழுத்துக்கு வலப்பக்கம் நிழல் விழும்.

எழுத்தாணி

காலைச் சோதனை முடிந்தது. படம் வந்தது 12 வினாடியில். நிறம் சாயவில்லை. ஒரு நிமிடத்தில் வெளிச்சம் நிலைக்கு வந்துவிட்டது. வெள்ளைச் சன்னலைத் திறந்து மூடினால் விளிம்பு லேசாக அசைகிறது, கவனித்துப் பார்த்தால்தான் தெரியும். சாம்பல் திரையில் தழும்பு இல்லை.

வாங்கிவிட்டேன். இன்று காலை பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

மேசையைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுக்க வேண்டியிருந்தது, தட்டைத்திரை சொன்ன ஆழம் நிஜம்தான். கோப்பைத் திரையின் நடுவிலும் இடதிலும் திறந்துகொள்கிறேன். கீழ் வலது மூலையில் கடிகாரம் மட்டும். பத்து நிமிடம் தொடாவிட்டால் திரை தானே அணையும்படியும் வைத்துவிட்டேன்.

தட்டைத்திரை

மகிழ்ச்சி. பணம் சேர்ந்ததும் ஒரு நல்ல எல்சிடி வாங்குங்கள் என்று அப்போதும் சொல்வேன். அதுவரை இது உங்களைக் கைவிடாது என்று தோன்றுகிறது.

பழைய ட்யூப்

அந்த 12 வினாடியை எங்காவது எழுதி வையுங்கள் அம்மா. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலையில் இதே மாதிரி எண்ணிப் பாருங்கள். 20, 25 என்று ஏறத் தொடங்கினால் அடுத்த திரைக்குச் சேர்க்க ஆரம்பிக்கலாம்.

எழுத்தாணி

தேதி போட்டு மானிட்டரின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டேன் ஐயா.